முகக்கூறும் வேடப்பகிர்வும்: புதுக்கோட்டை நாடக, திரை மரபை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நடிகருக்கு எந்த வேடம் வழங்கப்படுகிறது என்பதில் அவருடைய முகக்கூறுகளுக்குப் பங்குண்டு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும். ஆயினும் அப்பங்கு எல்லாக் காலத்தும் எல்லாக் கலைவடிவத்தும் ஒரே அளவினதாக இருந்ததில்லை. புதுக்கோட்டை மண்ணோடு தொடர்புடைய இசை நாடக மரபையும், அவ்வூரிலிருந்து திரைக்குச் சென்ற பி.யு. சின்னப்பா, ஜெமினி கணேசன் ஆகிய இருவரின் நடிப்பு வாழ்வையும் சான்றாகக் கொண்டு, குரல் முதன்மை பெற்ற அரங்கிலிருந்து முகம் முதன்மை பெற்ற திரைக்கு வேடப்பகிர்வு மாறிய முறையை இக்கட்டுரை விளக்குகிறது. முகம் வேடத்தைத் தீர்மானிப்பதாகத் தோன்றினும், தொடர்ந்து வழங்கப்படும் வேடமே அந்த முகத்தை எவ்வாறு காண வேண்டும் என்பதைப் பார்வையாளருக்குப் பழக்குகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: முகக்கூறு, மெய்ப்பாடு, வேடப்பகிர்வு, இசை நாடகம், ஸ்பெஷல் நாடகம், ராஜபார்ட், பின்னணிக் குரல், அண்மைக் காட்சி.

முன்னுரை

திரைப்படம் பார்க்கும் ஒருவர், ஒரு பாத்திரம் முதன்முறை தோன்றிய உடனேயே, அது பேசத் தொடங்கும் முன்பே, 'இவன் நல்லவன்', 'இவன் வஞ்சகன்', 'இவன் சிரிக்க வைக்க வந்தவன்' என்று பகுத்துவிடுகிறார். கண்ணின் அளவு, தாடையின் வடிவு, மூக்கின் கூர்மை, தோலின் நிறம், முகத்தழும்பு ஆகியவை இப்பகுப்புக்கு அடிப்படையாகின்றன. நடிகரைத் தேர்ந்தெடுப்போரும் இதே பகுப்பைப் பின்பற்றுகின்றனர். 'அம்மா முகம்', 'காவலர் முகம்', 'கிராமத்து முகம்' என்னும் வழக்குகள் திரைத்தொழிலில் இயல்பாகப் புழங்குகின்றன.

இப்பகுப்பு இயற்கையானதா, கற்றுக்கொள்ளப்பட்டதா என்பது கலைக்கோட்பாடு சார்ந்த வினா மட்டுமன்று. ஒருவருக்குக் கிடைக்கும் வேடமே அவருடைய ஊதியத்தையும் தொழில் மதிப்பையும் முடிவு செய்வதால், இது வாழ்வாதாரம் சார்ந்த வினாவுமாகும். இவ்வினாவை ஆராய்வதற்குப் புதுக்கோட்டை பொருத்தமான களமாக அமைகிறது. 1948 மார்ச்சு வரை தனி அரசாக விளங்கி, 1974 சனவரி 14 அன்று தனி மாவட்டமாக உருப்பெற்ற இப்பகுதியில், இசை நாடகம் இன்றும் திருவிழா மேடைகளில் உயிர்ப்புடன் நிகழ்கிறது. தமிழ்த் திரையின் இருவேறு காலகட்டங்களுக்கு அடையாளமான இரு நாயகர்களும் இவ்வூரில் பிறந்தவர்களே.

முகக்கூறும் மெய்ப்பாடும்

ஆய்வின் தெளிவுக்காக இரண்டு கருத்துகளைப் பிரித்துக்கொள்ள வேண்டியுள்ளது. பிறப்பாலும் வயதாலும் அமைந்து, நடிகரின் விருப்பப்படி மாறாத முக அமைப்பை இங்கு 'முகக்கூறு' எனக் குறிக்கிறோம். அகத்துணர்வால் முகத்தில் தோன்றி மறையும் மாற்றம் 'மெய்ப்பாடு' ஆகும்.

தமிழ் இலக்கண, இலக்கிய மரபு மிகுதியாகப் பேசுவது இரண்டாவதைப் பற்றியே. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளை நிலைக்களன்களோடு வகுத்துரைக்கிறது. திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரம் நெஞ்சின் நிலையை முகம் காட்டுவதைப் பளிங்கு உவமையால் விளக்குகிறது. இவ்விரு இடங்களிலும் முகம் உணர்வின் வாயிலாகக் கருதப்படுகிறதேயன்றி, குணத்தின் முத்திரையாகக் கருதப்படவில்லை.

ஆயினும் நிகழ்கலை என்று வரும்போது தோற்றமும் தகுதியாகச் சேர்கிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதை மாதவியின் தகுதியைக் கூறுமிடத்து ஆடல், பாடல் என்பவற்றோடு அழகையும் இணைத்து மூன்றாகக் கூறுகிறது. பரதரின் நாட்டிய சாத்திரம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பாத்திரப் பகிர்வைப் பற்றிப் பேசும் இயலில், தேவர் வேடத்துக்கு அழகிய உறுப்புகளை உடையோரும், அரக்கர் வேடத்துக்குப் பெருத்த உடலும் முழங்கும் குரலும் அச்சந்தரும் கண்களும் உடையோரும் பொருந்துவர் என்று அது வரையறுக்கிறது. முகத்தைக் கொண்டு வேடத்தைப் பகிரும் முறை திரைப்படத்தால் தோன்றியதன்று என்பதற்கு இது சான்று.

அதே இயல், நடிகரும் பாத்திரமும் பொருந்தும் முறையை மூன்றாக வகுக்கிறது. பாலும் வயதும் ஒத்தவர் நடிப்பது ஒன்று. சிறுவர் முதியவராகவும் முதியவர் சிறுவராகவும் வயது மாறி நடிப்பது மற்றொன்று. ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் நடிப்பது மூன்றாவது. ஆகவே தோற்றப் பொருத்தத்தை விதியாகக் கூறும் நூலே அதனை மீறும் நடிப்பையும் முறையாக ஏற்றுக்கொண்டுள்ளது. இந்த இரட்டை நிலை தமிழ் அரங்கிலும் தொடர்கிறது.

குரல் தேர்ந்த அரங்கு

தமிழ் இசை நாடகத்தின் தலைமையாசிரியராகப் போற்றப்படும் சங்கரதாச சுவாமிகள் (1867–1922) புதுக்கோட்டையோடு நெருங்கிய தொடர்புடையவர். புகழ்பெற்ற கஞ்சிரா வித்துவான் மான்பூண்டியாப் பிள்ளையிடம் தாள நுட்பங்களைப் பயின்ற இடம் புதுக்கோட்டையே. அவருடைய நாடகப் பாடல்களில் காணப்படும் சந்தக் கட்டுமானத்துக்கு இப்பயிற்சி அடித்தளமாயிற்று எனலாம். இசையே நாடகத்தின் முதுகெலும்பாக அமைந்த அரங்கில், நடிகர் தேர்வின் முதல் அளவுகோலும் இசையாக இருந்ததில் வியப்பில்லை.

சுவாமிகள் தம் நடிப்புக் காலத்தில் எமன், சனீசுவரன், இராவணன், இரணியன் போன்ற அச்சந்தரும் வேடங்களை ஏற்றவர். அவரைக் கண்டு பார்வையாளர் நடுங்கினர் என்பது நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கணீரென்ற குரலும் ஒப்பனையும் சேர்ந்து உருவாக்கிய அச்சம் அது. வேடம் கலைந்தபின் அவர் துறவுக்கோலம் பூண்ட தமிழ்ப் புலவரே. அரக்க முகம் மேடையில் ஆக்கப்பட்ட ஒன்று என்பதற்கு நாடக ஆசிரியரின் வாழ்வே எடுத்துக்காட்டாகிறது.

1918இல் மதுரையில் தொடங்கப்பட்ட தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், பின்னர்ப் புகழ்பெற்ற மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும் சிறுவர்களைக் கொண்டே எல்லா வேடங்களையும் நடத்தின. அரசன், அரசி, முனிவர், கிழவி, கோமாளி என யாவரும் சிறுவர்களே. இந்நிலையில் வயதும் பாலும் சார்ந்த முகப்பொருத்தம் பெரும்பாலும் இயலாத ஒன்று. மென்மையான முகமுடைய சிறுவர்க்குப் பெண் வேடம் தரப்பட்டது உண்மையே. ஆயின் அவ்வேடம் நிலைப்பது குரலைப் பொறுத்திருந்தது. பருவ மாற்றத்தால் குரல் உடைவதை நாடகத்தார் 'மகரக்கட்டு' என வழங்கினர். முகம் சற்றும் மாறாதிருந்தும் குரல் உடைந்த சிறுவன் வேடம் இழந்தான். நடிகனின் வாழ்வில் நேரும் பெரும் திருப்பம் தொண்டையில் நிகழ்ந்தது, முகத்தில் அன்று.

குரலின் இம்முதன்மை, பால் எல்லையையும் கடக்க உதவியது. கே.பி. சுந்தராம்பாள் 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்தார். எம்.எஸ். சுப்புலட்சுமி 1941இல் 'சாவித்திரி' படத்தில் நாரதராகத் தோன்றினார். தி.க. சண்முகம் ஔவையாராக நடித்து, அவ்வேடத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்து 'அவ்வை சண்முகம்' என வழங்கப்பெற்றார். முகக்கூறே முடிவான அளவுகோலாக இருந்திருப்பின் இம்மூன்று நிகழ்வுகளுக்கும் இடமிருந்திராது.

மாறுவேடக் கதைகளும் அரங்கின் நம்பிக்கையும்

சிறுவர் நாடகக் குழுக்கள் மறைந்த பின்னும் சுவாமிகளின் நாடகங்கள் 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் வடிவில் நீடிக்கின்றன. புதுக்கோட்டை அதன் முதன்மை மையங்களுள் ஒன்று. இதில் நிலையான குழு இல்லை. வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்படும் நடிகர்கள், கோயில் திருவிழா நடைபெறும் ஊரில் இரவு கூடி, முன்னொத்திகை இன்றி விடியும்வரை நடிக்கின்றனர். யாவருக்கும் பொதுவான பாடமும் பாட்டும் அறிந்திருப்பதாலேயே இது இயலுகிறது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என வேடவகை முன்னரே வகுக்கப்பட்டு, நடிகர் ஒவ்வொருவரும் ஒரு வகையின் பெயரால் அறியப்படுகின்றனர்.

இங்கு வேடவகை என்பது பாத்திரத்தின் பெயரன்று; அது தொழிற்பிரிவின் பெயர். ராஜபார்ட் நடிகர் ஓரிரவு முருகன், மற்றோரிரவு அரிச்சந்திரன், பிறிதோரிரவு கோவலன். இவர்களுக்கெல்லாம் பொதுவான முக அடையாளம் ஏதுமில்லை. பாடும் கட்டை, விருத்தத்தை நீட்டிப் பாடும் ஆற்றல், தர்க்கத்தில் எதிர்நிற்கும் சொல்வன்மை ஆகியவையே ராஜபார்ட்டுக்கு உரிய தகுதிகள். மேடைக்கும் கடைசி வரிசைக்கும் இடையிலுள்ள தொலைவில் முகத்தின் நுண்கூறுகள் கரைந்துபோகின்றன. குரல் ஒலிபெருக்கியின் துணையால் ஊரெல்லைவரை செல்கிறது.

மிகுதியாக மேடையேறும் நாடகங்களின் கதைகளும் கருதத்தக்கவை. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் முருகன் வேடனாகவும் கிழவனாகவும் உருமாறி வருகிறான். அவனுடைய தெய்வத்தன்மை முகத்தால் வெளிப்படாமல் மறைந்து நிற்பதே நாடகத்தின் சுவை. 'அரிச்சந்திர மயான காண்டம்' நாடகத்தில் அரசன் சுடலை காவலனாக நிற்கிறான். மனைவி அவனை முகத்தால் அடையாளம் காணவில்லை. கணவன் கண்ணுக்கு மட்டுமே புலப்படும் தாலியே இருவரையும் ஒருவருக்கொருவர் காட்டுகிறது. ஆக, முகம் ஏமாற்றக்கூடியது, உண்மையை உணர்த்துவது வேறொரு குறி என்னும் நம்பிக்கை இவ்வரங்கின் கதைகளிலேயே பொதிந்துள்ளது. வேடப்பகிர்வில் முகம் பின்தங்குவதும் இந்நம்பிக்கையோடு ஒத்துச் செல்கிறது.

எனினும் இவ்வரங்கில் முகத்துக்கு இடமே இல்லை என்று கொள்ளுதல் தவறாகும். ஸ்திரீபார்ட் வேடத்துக்கு இளமையும் முகப்பொலிவும் எதிர்பார்க்கப்படுகின்றன. நாடக நோட்டீசுகளில் நடிகரின் மார்பளவுப் படமும் வேடவகையும் பெயரும் ஒருங்கே அச்சாகின்றன. தொலைவில் இருந்து கேட்கப்படும் குரலுக்கு முன்பே, அருகிலிருந்து காணப்படும் முகம் ஊர்ச்சுவரில் ஒட்டப்படுகிறது. ஒப்பந்தம் பெறுவதில் நோட்டீசுப் படத்தின் செல்வாக்கு தனியே ஆராயத்தக்கது.

பி.யு. சின்னப்பா: ஒரே முகம், இரு குணம்

புதுக்கோட்டை உலகநாதபிள்ளை சின்னப்பா (1916–1951) சிறுவர் நாடகக் குழுக்களில் வளர்ந்தவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி. இராமச்சந்திரனும் அவருடன் இருந்தவர். குரல் உடைந்த பருவத்தில் இசைப் பயிற்சியிலும் சிலம்பம் முதலிய உடற்பயிற்சிகளிலும் ஈடுபட்டு, 1936இல் 'சந்திரகாந்தா' படத்தின் வழியே திரைக்கு வந்தார். 'ஆர்யமாலா' (1941), 'கண்ணகி' (1942), 'ஜகதலப்பிரதாபன்' (1944) ஆகியவை அவருடைய புகழை நிலைநிறுத்தின.

நம் ஆய்வுக்கு இன்றியமையாத படம், மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் வெளியிட்ட 'உத்தமபுத்திரன்'. இதில் சின்னப்பா இரட்டைப் பிறவிகளாக இரு வேடம் ஏற்றார். ஒருவன் கொடியவன், மற்றவன் நல்லவன். ஒரே முகம் ஒரே படத்தில் இருவேறு அறநிலைகளைத் தாங்கி நிற்கிறது. முகக்கூறு குணத்தைக் காட்டும் என்பது உண்மையாயின், இக்கதை பார்வையாளருக்குப் புரிந்திருக்கவே முடியாது. நடை, பேச்சின் ஏற்ற இறக்கம், உடை, பிறர் அவனை நடத்தும் முறை ஆகியவற்றைக் கொண்டே பார்வையாளர் இருவரையும் வேறுபடுத்திக்கொண்டனர். இக்கதை 1958இல் சிவாஜி கணேசன் நடிப்பில் மீண்டும் வெற்றி பெற்றமை, இவ்வுத்தியைத் தமிழ்ப் பார்வையாளர் முழுமையாக ஏற்றதைக் காட்டுகிறது.

சின்னப்பாவின் தலைமுறை நாயகர்களுக்குப் பாட்டே நுழைவாயில். எம்.கே. தியாகராஜ பாகவதரும் டி.ஆர். மகாலிங்கமும் இவ்வாறே உயர்ந்தவர்கள். எனவே 1930களிலும் 1940களின் பெரும்பகுதியிலும் திரையின் வேடப்பகிர்வு, அரங்கின் ராஜபார்ட் அளவுகோலைத் தொடர்ந்து பின்பற்றியது எனக் கொள்ளலாம்.

குரலும் முகமும் பிரிந்த காலம்

இந்நிலையை மாற்றியவை இரண்டு தொழில்நுட்பங்கள். முதலாவது பின்னணிக் குரல். 1938இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்தில் தமிழில் பின்னணிப் பாட்டு முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் அது வழக்கமாகவே ஆயிற்று. பாடுவோர் ஒருவர், தோன்றுவோர் ஒருவர் என்ற நிலை ஏற்பட்டபின், நாயகனாவதற்குப் பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது அண்மைக் காட்சி. அரங்கில் கரைந்துபோன முகத்தின் நுண்கூறுகள் திரையில் பன்மடங்கு பெரிதாயின. தேர்வின் அளவுகோல் செவியிலிருந்து கண்ணுக்கு இடம்பெயர்ந்தது.

இம்மாற்றத்தின் திரட்சியாகப் புதுக்கோட்டையில் 1920 நவம்பர் 17 அன்று பிறந்த ஜெமினி கணேசனைக் கொள்ளலாம். நாடகக் குழுவில் வளராதவர். கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். ஜெமினி ஸ்டுடியோவில் நடிகர் தேர்வுப் பிரிவில் பணியாற்றியவர். வாய்ப்புத் தேடி வருவோரின் முகங்களைப் பார்த்த நிறுவனப் பணியாளரே பின்னர்த் திரைமுகமானார் என்பது, ஸ்டுடியோ முறை வேடப்பகிர்வை ஒரு நிருவாகப் பணியாக மாற்றியிருந்ததை உணர்த்துகிறது. 'மிஸ் மாலினி' (1947) படத்தில் சிறுவேடத்தில் தோன்றிய அவருக்கு, பின்னாளில் ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீநிவாஸ் ஆகியோரின் மென்குரல்கள் பாட்டில் அமைந்தன. மென்முகத்தோடு மென்குரல் பொருத்தப்பட்டு 'காதல் மன்னன்' என்னும் படிமம் நிறைவுற்றது. சின்னப்பாவிடம் குரல் முகத்துக்கு இடம் தேடித் தந்தது. கணேசனிடம் முகத்துக்கு ஏற்ற குரல் தேடிச் சேர்க்கப்பட்டது.

ஆயினும் அம்முகம் தொடக்கத்திலேயே காதலன் முகமாகக் காணப்படவில்லை. 1952இல் வெளிவந்த 'தாய் உள்ளம்' படத்தில் ஆர்.எஸ். மனோகர் நாயகன், ஜெமினி கணேசன் தீயவன். அடுத்த ஆண்டில் 'மனம்போல் மாங்கல்யம்' படத்தில் கணேசன் நாயகனானார். மனோகரோ பின்னர் எதிர்நாயக வேடங்களால் அறியப்பட்டார். இருவருடைய முக அமைப்பும் அதற்குள் மாறிவிடவில்லை. வேட வரிசை மாறியது. பின்னாளில் கணேசனின் முகத்தைக் கண்டவர்கள் அதில் இயல்பான காதலனையும், மனோகரின் முகத்தைக் கண்டவர்கள் அதில் இயல்பான வஞ்சகனையும் கண்டனர். ஒரே படத்தில் தலைகீழாக அமைந்திருந்த நிலை மறக்கப்பட்டது. வேடமே முகத்தைக் காணும் பார்வையைப் பழக்குகிறது என்னும் நம் துணிபுக்கு இதுவே வலுவான சான்று. மனோகர் தம் நாடக மேடையில் 'இலங்கேஸ்வரன்' வழியே இராவணனையே நாயகனாக்கியதும் இங்குக் கருதத்தக்கது.

நிலைபெற்ற படிமத்தைத் திருப்பிப் பயன்படுத்தவும் இயலும். கே. பாலசந்தர் இயக்கிய 'நான் அவனில்லை' (1974) படத்தில் ஜெமினி கணேசன் பல தோற்றங்களில் பெண்களை ஏமாற்றுபவனாக நடித்தார். இருபதாண்டுகளாகப் பார்வையாளர் அம்முகத்தின்மேல் வைத்திருந்த நம்பிக்கையே அக்கதையின் முதலீடாயிற்று.

முகவாசிப்பும் உளவியல் ஆய்வுகளும்

மேற்கண்ட திரைச் சான்றுகளோடு, முகத்தை மக்கள் காணும் முறை பற்றிய உளவியல் முடிவுகளை ஒப்பிடலாம். வில்லிஸ், தோதரவ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் முகத்தைக் கண்டாலே மக்கள் அவரது நம்பகம், திறமை முதலியவற்றைப் பற்றிக் கருத்துக் கொள்கின்றனர் என்றும், நேரம் கூடினாலும் அக்கருத்துப் பெரிதும் மாறுவதில்லை என்றும் காட்டியது. டயான், பெர்ஷெய்ட், வால்ஸ்டர் ஆகியோரின் 1972ஆம் ஆண்டு ஆய்வு, அழகிய முகமுடையோர்க்கு நற்குணங்களையும் மக்கள் ஏற்றிக் கூறுவதை வெளிப்படுத்தியது. பெரிய கண்களும் உருண்டை முகமும் உடைய பெரியவர்களைக் குழந்தைத்தன்மை உடையவராகக் கருதும் போக்கினை லெஸ்லி செப்ரோவிட்ஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இவ்வாய்வுகளைப் படிக்கும்போது ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். மக்கள் தம்முள் ஒத்த கருத்துக் கொள்வது வேறு. அக்கருத்து உண்மையாக இருப்பது வேறு. விரைந்து தோன்றும் எண்ணம் என்பதனால் அது சரியான எண்ணம் ஆகிவிடாது. நடிகர் தேர்வாளர் பயன்படுத்துவது இந்த ஒத்த கருத்தையே. பாத்திரத்தை விளக்க நேரமில்லாத இடத்தில் முகம் சுருக்கெழுத்தாகப் பயன்படுகிறது. ஆகவேதான் சிறு வேடங்களில் முகப்பொருத்தம் மிகவும் வற்புறுத்தப்படுகிறது. கதை முழுதும் வரும் பாத்திரத்துக்கு அத்துணை வற்புறுத்தல் தேவைப்படுவதில்லை.

மேலும், முகத்தின் பொருள் அதன் சூழலால் மாறும் என்பதை உருசிய இயக்குநர் குலெஷோவின் படத்தொகுப்புச் சோதனை உணர்த்தியது. உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை உணவு, பிணப்பெட்டி முதலிய காட்சிகளோடு அடுத்தடுத்து இணைத்தபோது, பார்த்தவர்கள் அம்முகத்தில் பசியையும் துயரையும் கண்டனர் என்று கூறப்படுகிறது. ஒரு காட்சியின் அருகமைவு இதனைச் செய்யுமாயின், இருபது படங்களின் அருகமைவு எவ்வளவு செய்யும் என்பதை உய்த்துணரலாம்.

சுருக்கெழுத்தின் விலை

முகச் சுருக்கெழுத்து திரைக்கதைக்கு வசதியானது. ஆனால் அதன் விலையைச் சில வகை மனிதர்கள் தொடர்ந்து செலுத்துகின்றனர். அமெரிக்கத் திரைப்படங்களின் புகழ்பெற்ற நாயகர் பதின்மரையும் எதிர்நாயகர் பதின்மரையும் ஒப்பிட்டு 'ஜாமா டெர்மட்டாலஜி' இதழில் 2017இல் வெளிவந்த கட்டுரை, எதிர்நாயகருள் அறுவர்க்குத் தழும்பு, முடியிழப்பு, கண்சுற்றிய கருமை போன்ற தோல் சார்ந்த அடையாளங்கள் இருந்ததையும் நாயகருள் ஒருவர்க்கும் இல்லாததையும் சுட்டியது. தோல்நோய் உடையோர்மீது சமூகம் கொள்ளும் ஒவ்வாமையை இத்தகைய சித்திரிப்பு வளர்க்கும் என்பது அதன் கவலை.

தமிழ்த் திரையில் இதற்கு இணையாக நாகேஷின் முகத்தைக் கருதலாம். அம்மைத் தழும்பும் ஒடிசலான உடலும் அவரை நகைச்சுவை வேடத்துக்கு உரியவராக்கின. 'சர்வர் சுந்தரம்' (1964), 'நீர்க்குமிழி' (1965) ஆகிய படங்களில் அவர் முதன்மை வேடம் தாங்கியபோது, அதே முகம் துயரையும் தாங்கவல்லது என்பது வெளிப்பட்டது. ஆயினும் அவருக்கு மிகுதியாக வந்தவை நகைச்சுவை வேடங்களே. எம்.என். நம்பியார் 'திகம்பர சாமியார்' (1950) படத்தில் பல மாறுவேடங்களில் தோன்றும் முதன்மைப் பாத்திரத்தை ஏற்றவர். பின்னர்ப் பல்லாண்டுக் காலம் எதிர்நாயகராகவே அழைக்கப்பட்டார்.

நிறம் பற்றிய முன்முடிவு இதனினும் ஆழமானது. கருநிறம் பெரும்பான்மையாக உள்ள நிலத்தில், நாயகிக்கு வெண்ணிறம் எழுதாத விதியாக நெடுங்காலம் நிலவியது. ஷோபா, அர்ச்சனா போன்றோரை ஒப்பனை மிகாத தோற்றத்தில் காட்டிய பாலுமகேந்திராவின் படங்கள் அவ்விதிக்கு விலக்காயின. அவருடைய 'வீடு' படத்தில் நடித்த அர்ச்சனா தேசிய விருதும் பெற்றார். ஆணின் கருநிறம் 'மண்ணின் முகம்' எனப் பாராட்டப்படும் இடத்திலும் பெண்ணின் கருநிறம் வேலைக்காரி, ஏழைத்தாய் போன்ற வேடங்களோடு கட்டப்படுவதைத் திரைவரலாறு காட்டுகிறது. 'கிராமத்து முகம்' என்னும் பாராட்டிலும் ஒரு வேலி உண்டு. அம்முகம் உடையோர் மருத்துவராகவோ நீதிபதியாகவோ தோன்ற அழைக்கப்படுவது அரிது.

புதுக்கோட்டை மாவட்டம் விராச்சிலையைக் களமாகக் கொண்டு பாண்டிராஜ் இயக்கிய 'பசங்க' (2009), 57ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகவும், சிறந்த குழந்தை நடிகர்களுக்காகவும் விருதுகள் பெற்றது. சிறுவர்களே கதையின் நாயகரும் எதிர்நாயகருமாக அமைந்த அப்படம், சிறுவர் நாடகக் குழுக்களின் மரபை நினைவூட்டுகிறது. எதிராளியாக வரும் சிறுவனும் இறுதியில் தோழனாகிறான். முகத்தை முத்திரையாக்காத கதையமைப்பு இன்றும் இயலும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இசை நாடக மேடைக்கும் இவ்விலை புதிதன்று. ஸ்திரீபார்ட் நடிகையின் முகத்தில் வயது தெரியத் தொடங்கும்போது அவருடைய வாய்ப்புகள் குறைகின்றன. அதே வயதுடைய ராஜபார்ட் நடிகர், குரல் நிலைக்கும்வரை மேடையில் நிற்கிறார். திரையின் அளவுகோல் அரங்குக்குள் நுழைந்துள்ளதை இவ்வேறுபாடு புலப்படுத்துகிறது. வீட்டுத் திரையில் நாள்தோறும் அண்மைக் காட்சிகளைக் கண்டு பழகிய பார்வையாளரே திருவிழா இரவில் மேடை முன் அமர்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. வேடப்பகிர்வில் முகக்கூறின் பங்கு கலைவடிவத்தைப் பொறுத்து வேறுபடுகிறது. தொலைவும் இசையும் ஆளும் அரங்கில் குரல் முந்துகிறது. அண்மைக் காட்சியும் பின்னணிக் குரலும் ஆளும் திரையில் முகம் முந்துகிறது.

2. புதுக்கோட்டை தந்த இரு நாயகர்களுள் பி.யு. சின்னப்பா முதல் நிலையையும் ஜெமினி கணேசன் இரண்டாம் நிலையையும் உணர்த்தி நிற்கின்றனர்.

3. 'உத்தமபுத்திரன்' படத்தின் இரட்டை வேடமும், 'தாய் உள்ளம்' படத்தின் தலைகீழ் வேடப்பகிர்வும், முகத்தில் குணம் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதையும் அது தொடர்ந்த வேடங்களால் ஏற்றப்படுவது என்பதையும் உறுதிப்படுத்துகின்றன.

4. இவ்வாறு ஏற்றப்பட்ட குணம் இயற்கை எனக் கருதப்படும்போது, தழும்பு, கருநிறம், பெண்ணின் முதுமை ஆகியவற்றை உடையோர் தொழில் வாய்ப்பை இழக்கின்றனர்.

இத்துறையில் செய்ய வேண்டிய களப்பணி மிகுதி. புதுக்கோட்டை வட்டார நாடக நோட்டீசுகளைத் திரட்டி, ஆண்டு வரிசைப்படி நடிகர் படமும் வேடவகையும் எவ்வாறு இணைகின்றன என்பதைப் பதிவு செய்யலாம். ஒரே நடிகர் ஒரு வேடவகையிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய வயதையும் காரணத்தையும் வாய்மொழி வரலாறாகத் தொகுக்கலாம். நோட்டீசுத் தாள் விழா முடிந்த மறுநாளே கிழிபடும் தன்மையது. மூத்த நடிகர்களின் நினைவும் அவ்வாறே மறையக்கூடியது. நாடகத்தமிழ் கற்பிக்கும் கல்லூரித் துறைகள் இப்பணியைக் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளுதல் வேண்டும். மேலும், வகுப்பறை நாடகங்களிலும் கல்லூரி விழாக்களிலும் மாணவரின் முகத்தையும் நிறத்தையும் பார்த்து வேடம் தரும் வழக்கத்தை விடுத்து, பயிற்சிக் காலத்தில் எல்லோரும் எல்லா வேடங்களையும் ஏற்கும் சிறுவர் நாடகக் குழுக்களின் முறையைப் பின்பற்றலாம். தன் முகத்துக்கு உரியதன்று என்று பிறரால் விலக்கப்பட்ட வேடத்தை ஒரு மாணவர் ஏற்று நடிக்கும்போது, அவரும் அவரைப் பார்ப்பவரும் முகத்தைப் புதிதாகக் காணக் கற்றுக்கொள்வர்.